ஊசி கேட்ட பேய்

பாஞ்சாலையைப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் முடிவு செய்த நாளில்தான் அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள். அதற்கு முன்பு அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஊருக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாத ஊர் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். பேய் என்று தெரிந்துவிட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும், கொஞ்சம் தள்ளியும் நிற்கும். அவளுக்கு அந்த இரண்டும் தேவையாக இருந்தன.

ஜவ்வாது மலையில் மேல்சாமக்கொல்லை என்று ஒரு சிற்றூர். ஆலங்காயத்திலிருந்து வரும் பஸ் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கிருந்து நடக்க வேண்டும். சாமையும் கேழ்வரகும் விளையும் நிலம். பனி முடிகிற காலத்தில் பெண்கள் கடுக்காய் பொறுக்குவார்கள். கடுக்காயைக் குத்தகைக்கு எடுத்தவர் கீழே எங்கோ இருந்தார். மலையில் அவருக்குப் பதிலாக ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை, ஒரு தராசு, தராசைப் பிடிக்க பஞ்சாட்சரம் என்று கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு ஆள். நெற்றி நிறைய விபூதி பூசுபவன். எல்லாப் பெண்களையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

எழுபத்தேழாம் வருஷம் கடுக்காய் காலத்தில் ஒரு நாள், வரிசையில் கடைசியாக நின்றது பாஞ்சாலையின் கூடை. மற்ற பெண்கள் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். பஞ்சாட்சரம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அவள் விருப்பமில்லாமல், பலவந்தமாக, அவன் செய்ததற்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. பின்னாளில் இந்தக் கதையைக் கேட்டு எழுதிய என்னிடம் அவள் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் திறக்கும்போது அவன் சொன்னதை மட்டும் சொன்னாள்.

"வெளிய சொன்னின்னு வெச்சிக்கோ தங்கச்சி, சந்தன மரத்த வெட்னது உன் வூட்டுக்காரன்தான்னு பாரஸ்டு ஆளுங்களக் கூட்டியாந்து காட்டுவேன்."

அவள் புருஷன் சின்னராசு ஒரு சந்தன மரத்தையும் வெட்டியதில்லை. ஆனால் வெட்டாதவர்களும் ஜெயிலுக்குப் போவது அந்த மலையில் புதிதல்ல.

வீட்டுக்கு வந்தவளிடம் கூடை எங்கே என்று கேட்டபோது, ஓடையில் போய்விட்டது என்றாள். பிறகு அவள் உடம்பு அவளுக்குத் தெரியாமல் தனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தொடங்கியது. கடுக்காய் வாசம் பட்டால் வாந்தி வந்தது. உரலில் சாமை குத்திக்கொண்டிருக்கும்போதே உலக்கையைத் தூக்கியபடி நின்றுவிடுவாள், யாராவது தொட்டால் அலறுவாள். கதவு சாத்திய வீட்டுக்குள் அவளால் படுக்க முடியவில்லை, பனியிலும் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வந்தால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வாள். அவள் வீட்டில் தாழ்ப்பாளே கிடையாது, கதவுக்குக் கயிறுதான். சிறுநீர் போனால் எரிந்தது. அடிவயிற்றில் ஒரு வலி ஆரம்பித்து, அங்கேயே தங்கிவிட்டது.

சின்னராசு மோசமானவன் இல்லை. மோசமானவனாக இல்லாமலிருப்பதே ஒரு கணவனின் முழுக் கடமை என்று நினைத்திருந்தான்.

"இன்னா மே உனக்கு? சாப்புடலன்னா சாப்புடலன்னு சொல்லு. பேசலன்னா பேசலன்னு சொல்லு. இப்டி செவுத்தப் பாத்தா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

அவள் சுவரையே பார்த்தாள்.

அவனுடைய அம்மா செல்லியம்மாள்தான் நோய்க்குப் பெயர் வைத்தவள். ஒரு காலை நேரத்தில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "உன் மருமவ மாசமா இருக்காளா, இன்னா, ஒரே வாந்தி?" என்று கேட்டாள். செல்லியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னாள்.

"மாசமும் இல்ல, மண்ணும் இல்ல. ஓடையாண்ட முனி அடிச்சிருக்கு."

"ஐயோ, எப்போ?"

"அடிக்கறதுக்கு முன்னால உங்கிட்ட வந்து சொல்லிட்டா போவும்?"

வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. ஊர்ப் பூசாரி தீர்த்தகிரி வந்து அவள் கண்ணைப் பார்த்தார், வேப்பிலையால் தடவினார், பேய்தான் என்றார். அது யாரென்று அது வாய் திறந்து சொல்லும்வரை நடக்கவேண்டிய முறைகளையும் சொன்னார்.

அந்த முறைகளை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பேய் பிடித்தவளைத் தனியாக எங்கும் அனுப்பக்கூடாது, ஒரு பெண் துணைக்குப் போகவேண்டும். அவள் இருக்கிற வீட்டுக் கதவைச் சாத்தக்கூடாது, பேய்க்கு வழி வேண்டும். புருஷன் தள்ளிப் படுக்கவேண்டும். அவள் கையில் எப்போதும் இரும்பு இருக்கவேண்டும், ஆகவே ஒரு அரிவாளைக் கொடுத்தார்கள். எங்கே பிடித்தது, ஏன் அங்கே போனாய், எந்தச் சேலை கட்டியிருந்தாய் என்று அவளிடம் கேட்கவே கூடாது. குற்றம் பேயுடையது, பிடிபட்டவளுடையது அல்ல. பல வருஷங்களுக்குப் பிறகு, இப்படித் தாக்கப்பட்ட பெண்ணை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விவரம் தெரிந்த ஒரு டாக்டர் பேசக் கேட்டேன். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் தீர்த்தகிரியின் முறைகள்தான். ஒரே வித்தியாசம், அவர் அதையெல்லாம் பெண்ணுக்காகச் செய்யச் சொன்னார். மேல்சாமக்கொல்லை பேய்க்குப் பயந்து செய்தது. பெண்ணுக்காக என்று கேட்டிருந்தால் ஒன்றையும் செய்திருக்காது.

அதற்குச் சாட்சி முத்தம்மா. சில வருஷங்களுக்கு முன் அதே ஊரில், மரம் ஏற்ற வந்த கீழ்நாட்டு ஆள் ஒருவன் அவளைக் கெடுத்தான். அவள் உண்மையைச் சொன்னாள். ஊர்க்கூட்டம் கூடியது. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வெளியாள் தொட்டவள் என்பதால் பாத்திரத்தை மட்டும் தனியாக வைத்தார்கள். கோயிலுக்கு வரவேண்டாம் என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் அவளே இறங்கிப் போய்விட்டாள், இப்போது ஒடுகத்தூரில் வேர்க்கடலை உரிக்கிறாள். ஊர் இதைத் தன் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்லும்.

ஆகவே பாஞ்சாலை வாயைத் திறக்கவில்லை. பேயின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மா அவளோடு ஓடைக்கும் காட்டுக்கும் போய்வந்தாள், வழியெல்லாம் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டே. அந்தத் திட்டு தனக்கு மருந்து மாதிரி இருந்தது என்று பாஞ்சாலை பின்னாளில் சொன்னாள். தன்னைப் பற்றி இல்லாத எந்தப் பேச்சும் அப்போது அவளுக்கு இனித்தது.

இப்படியே ஆறிவிட்டிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் பேய் மனத்துக்குக் கொடுத்த நிழலை உடம்புக்குக் கொடுக்கவில்லை. அடிவயிற்று வலி ஏறியது. துணியில் துர்நாற்றத்தோடு சீழ் பட்டது. காய்ச்சல் வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது, பிறகு இறங்கவே இல்லை. நடக்கும்போது கூன் போட்டாள்.

அந்த வாரம் ஜெபகுமாரி மலையேறி வந்தாள். அடிவாரத்தில் கிறிஸ்தவர்கள் நடத்திய ஒரு சிறு ஆஸ்பத்திரியின் நர்ஸ், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வருகிறவள். குரல் பெரிது, பொறுமை சிறிது. பாஞ்சாலை வாசலில் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்ததும் பெட்டியை இறக்கிவிட்டு, பச்சையம்மாவைத் தவிர எல்லோரையும் விரட்டினாள்.

"எங்க வலிக்குது? கையால காட்டு."

காட்டினாள்.

"கெட்ட வாசனையா படுதா?"

தலையசைத்தாள்.

"தூரமாயி குளிச்சியா இந்த மாசம்?"

"குளிச்சேங்க. ரொம்பப் போச்சு."

ஜெபகுமாரி கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். நெற்றியைத் தொடப் போன கையை, பாஞ்சாலை பின்வாங்கியதும், தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். அவளுடைய தாழ்ந்த குரலை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

"யாரு, இன்னான்னு நான் கேக்க மாட்டேன். சொன்னாதான் மருந்துன்னும் இல்ல. சொல்லணும்னு தோணுச்சுன்னா கேக்கறதுக்கு நான் இருக்கேன். ஆனா உள்ள புண்ணு ஆயிருக்கு, கர்ப்பப்பை வரைக்கும். ஊசி போட்டா தீரும். போடலன்னா உசுருக்கே வந்துடும். கீழ வா. அங்க டாக்டரும் பொம்பளதான். கதவத் தெறந்து வெச்சே பாக்கச் சொல்றேன்."

பாஞ்சாலை அழுதாள். பச்சையம்மா எதையோ புரிந்துகொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் இருந்தாள்.

தடை செல்லியம்மாளிடமிருந்து வந்தது.

"ஊசியா? பேய் இருக்கற ஒடம்புல ஊசி ஏறுனா ரத்தம் கட்டி அங்கயே செத்துடுவா. உங்க ஊர்ல எப்படியோ நர்சம்மா, எங்க மலையில பேயும் ஊசியும் ஒண்ணா இருக்காது."

"அது பேய் இல்லம்மா, சீழு."

"பேயில்லாம பின்ன இன்னா?"

அந்தக் கேள்விக்கு ஜெபகுமாரியிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் பாஞ்சாலையுடையது. அவளைக் காப்பாற்றப் போய் அவள் வாயிலிருந்து அதைப் பிடுங்கினால், கொட்டகையில் நடந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் கொஞ்சம் குறைந்துவிடும். இதை ஜெபகுமாரி இப்படிச் சொல்லவில்லை. "நான் யாரு அதச் சொல்ல?" என்று மட்டும் பின்னாளில் என்னிடம் சொன்னாள். பொதுவாக நான் யாரையும் சுலபமாகப் பாராட்டுவதில்லை. இதற்குப் பாராட்டுகிறேன்.

நேராகப் பூசாரியிடம் போனாள்.

"அந்தப் பேய எப்போய்யா ஓட்டுவ?"

தீர்த்தகிரி திகைத்தார். "இன்னா நர்சம்மா நீங்க போயி..."

"எப்போன்னு கேட்டேன்."

"வர்ற அமாவாசைக்கு உச்சி வேளையில கேக்கலாம். பேரச் சொல்லிட்டா போயிடும். அது கேக்கறதக் குடுத்துடணும். பேரச் சொல்லலன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

"போனதுக்கு அப்புறம் ஊசி போடலாமில்ல?"

"போயிட்டா இன்னா வேணாலும் போடலாம்."

ஜெபகுமாரி திரும்பி வந்து பாஞ்சாலையிடம் குனிந்து, "அமாவாசைக்கு அந்தப் பேயப் பேசச் சொல்லிடு. நான் கீழ காத்திருக்கேன்" என்றாள். ஒரு பேயோட்டத்துக்காக ஏசுவிடம் ஜெபம் செய்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் என்றும், தங்கள் சபைப் போதகருக்கு இது தெரியவேண்டாம் என்றும் பிறகு என்னிடம் சொன்னாள்.

பாஞ்சாலையின் நிலைமை இதுதான். பேய் போகாவிட்டால் ஊசி இல்லை, ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை. பேய் போகவேண்டுமென்றால் ஒரு பெயர் சொல்லவேண்டும். ஏதோ ஒரு செத்தவன் பெயரைச் சொல்லிவிடலாம், மலையில் செத்தவர்களுக்கா பஞ்சம்? புளியமரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டவன் ஒருவன் இருந்தான், ஊரே அவனைத்தான் எதிர்பார்த்தது. அதைச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

அமாவாசை உச்சி வேளையில் ஊர்ச் சாமியான வேடியப்பன் கல்லுக்கு முன்னால் ஊர் கூடியது. பாஞ்சாலையை இரண்டு பெண்கள் தாங்கி உட்கார வைத்தார்கள். காய்ச்சலில் அவள் கண்கள் பளபளத்தன. தீர்த்தகிரி உடுக்கையை எடுத்து அடித்தார், மெதுவாக ஆரம்பித்து, பிறகு வேகமாக. அவள் தலை ஆடத் தொடங்கியது. அது சாமியாட்டமா, காய்ச்சலா, நடிப்பா என்று நான் பின்னாளில் அவளிடம் கேட்டேன். "தெரிலீங்க. ஆடுச்சு" என்றாள். தத்துவம் படித்தவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

"யாரு நீ? சொல்லு!"

உடுக்கையை இன்னும் ஓங்கி அடித்தார்.

"செத்த எடம் எது? புளியமரமா? கெணறா? சொல்றியா, சாட்டை எடுக்கட்டா?"

பாஞ்சாலை நிமிர்ந்தாள்.

"பஞ்சாட்சரம்."

உடுக்கை நின்றது. தீர்த்தகிரிக்கு முதலில் ஒரு தொழில் சிக்கல் தோன்றியது. பேயை விரட்டுவதற்கு அவர் சொல்கிற மந்திரத்துக்கே அந்தப் பெயர்தான்.

"எந்தப் பஞ்சாட்சரம்?"

"கடுக்காய் கொட்டகையில எட போடறவன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தீர்த்தகிரி வேறு வழியில்லாமல் முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இவள எங்க புடிச்ச?"

"கொட்டகையில. கதவச் சாத்தி."

"இன்னா... இன்னா வேணும் உனக்கு? சேவலா? சாராயமா? சுருட்டா?"

"ஊசி."

"இன்னா?"

"ஊசி வேணும். நர்சம்மா கையால. ஊசி குடுத்தா போயிடறேன்."

சொல்லிவிட்டு அவள் பக்கவாட்டில் சரிந்தாள்.

பேய் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். தீர்த்தகிரியின் அனுபவத்தில் பேய்கள் கறுப்புச் சேவல் கேட்டிருக்கின்றன, சிவப்புச் சேலை கேட்டிருக்கின்றன, ஒரு பேய் ஆலங்காயத்து மிக்சர் கேட்டது. ஊசி கேட்ட பேய் இதுதான் முதல்.

இப்போது ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ரங்கசாமிக்குச் சிக்கல். அவர் கல்லின் அருகிலேயே கூட்டத்தைக் கூட்டினார்.

"ஏம்பா தீர்த்தகிரி, பேய் பொய் சொல்லுமா?"

"உடுக்கைக்கு முன்னால சொல்லாது கவுண்டரே."

"அந்த ஆளு உசுரோட இல்ல இருக்கான்? முந்தாநேத்து எங்கிட்ட நெருப்பு வாங்கி பீடி பத்த வெச்சான்."

"பீடி பத்த வெச்சான்னா உசுரோட இருக்கான்னு ஆயிடுமா?"

"நெழலு உழுந்துச்சா? அதப் பாத்தீங்களா?" என்றார் ஒருவர்.

"உச்சி வெயில்ல எவனுக்குய்யா நெழலு உழும்?"

சிரிக்காமல் பேசினார்கள். சிரித்தால் அடுத்த யோசனைக்குப் போகவேண்டியிருக்கும், அது என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பேய் பொய் சொன்னது என்றால் தீர்த்தகிரியும், அவரை நம்பி இத்தனை காலம் சேவல் கொடுத்த ஊரும் முட்டாள்கள். பாஞ்சாலை பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது, பேசியது அவள் இல்லை. பஞ்சாட்சரம் மனிதனாகவே இதைச் செய்தான் என்றால், முத்தம்மாவுக்குச் செய்ததை இவளுக்கும் செய்யவேண்டும், குத்தகைதாரரோடும் மோதவேண்டும். மிச்சமிருந்த ஒரே வழி யாருக்கும் சிரமமில்லாதது. பஞ்சாட்சரம் இறந்துவிட்டான்.

அதை வாய்விட்டு முதலில் சொன்னவன் சின்னராசு. அவன் எழுந்து நின்றிருந்தான். முகம் கடுக்காய் மாதிரி சுருங்கியிருந்தது. அவன் மண்டைக்குள் அந்த நேரத்தில்தான் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னும் இன்னாத்தப் பேசறீங்க? எனக்கு அவன் செத்தவன். உங்களுக்கும் செத்தவன்தான். டோலி தூக்க ஆளு வாங்க. பேய் ஊசி கேட்டிருக்கு."

கம்பில் போர்வையைக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். செல்லியம்மாள் பின்னாலேயே ஓடி, அரிவாளை மகளுக்குக் கொடுப்பதுபோல அவள் கையில் வைத்தாள்.

ஜெபகுமாரி சொன்னபடி கதவைத் திறந்தே வைத்திருந்தாள், வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி. டாக்டரம்மா ஒவ்வொன்றும் செய்வதற்கு முன் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி, சரியா என்று கேட்டார். தன் உடம்பைப் பற்றித் தன்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது பாஞ்சாலைக்கு அதுவே முதல்முறை. முதலில் கேள்வியே புரியவில்லையாம். போலீசில் சொல்லவேண்டுமென்றால் கூட வருகிறேன் என்றும் டாக்டரம்மா சொன்னார். பாஞ்சாலை சந்தன மரத்தை நினைத்து, வேண்டாம் என்றாள். அவரும் வற்புறுத்தவில்லை. ஊசி பல நாள் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. பேய் வாக்கு மாறாமல் போய்விட்டது.

இதற்கிடையில் மலையில் பஞ்சாட்சரம் தன் மரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருந்தான். கொட்டகைக்கு ஒரு கூடையும் வரவில்லை. ஊருக்குள் வந்தான். எதிரே வந்த பெண்கள் மூன்று முறை துப்பிவிட்டு வேறு வழியில் போனார்கள். தண்ணீர் கேட்டான், யார் காதிலும் விழவில்லை. கொட்டகை வாசலில் ஒரு காலை வாழையிலையில் எள்ளும் சோறும் வைத்திருந்தது. தெற்கே பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்ற ரங்கசாமியின் முன்னால் போய்க் கத்தினான்.

"யோவ் கவுண்டரே, நான் உசுரோடதான்யா இருக்கேன்! என்னப் பாருய்யா!"

ரங்கசாமி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாவம், செத்ததுங்க எல்லாம் இப்டித்தான் சொல்லும். அதுங்களுக்குத் தெரியாது."

கீழே போலீசில் சொல்லப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு. உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்று சொல்வதற்கு எந்தச் செக்ஷனில் கேஸ் போடுவது என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். கடுக்காய் வராததால் குத்தகைதாரர் ஆளை மாற்றினார், காரணம் கேட்கவில்லை. பஞ்சாட்சரம் கீழே ஒரு ஊரில் கடை வைத்து நன்றாகவே இருந்தான். கோர்ட்டை அவன் பார்த்ததில்லை. இதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஊர் தன் கோழைத்தனத்தால் தற்செயலாக ஒரு நல்ல காரியம் செய்தது, அவ்வளவுதான்.

பாஞ்சாலை திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவில்லை. சின்னராசு அதைக் கழற்றி ஆட்டுப்பட்டிக்குப் போட்டுவிட்டு, வாசலில் மூங்கில் தட்டி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் தள்ளிப் படுப்பதைத் தொடர்ந்தான். அவளாகப் பாயை நகர்த்திப் போட்டது இரண்டு அறுவடைகளுக்குப் பிறகு. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. உள்ளே ஆறிய புண் வழியை அடைத்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார், முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். குளிர்காலத்தில் அடிவயிறு இன்னும் வலிக்கும். கடுக்காய் வாசம் வரும் திசையில் அவள் நடப்பதில்லை. மற்றபடி ஊரில் எல்லோரையும் போல இருந்தாள். வேலியோரப் பலாமரம் யாருடையது என்று பச்சையம்மாவோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு உப்புக் குறைவாகக் குழம்பு வைத்தாள். துன்பம் மனிதர்களை உயர்த்துகிறது என்று நம்புகிறவர்கள் அவள் குழம்பைச் சாப்பிட்டதில்லை.

செல்லியம்மாளிடம் ஒரு முறை கேட்டேன், முனி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று.

"அவ துணிய நாந்தான தொவச்சேன்" என்றாள்.

நான் விடவில்லை. "அப்ப தெரிஞ்சிருந்தும் ஊசி வேணாம்னு ஏன் சொன்னீங்க?"

"முனின்னு சொல்லிட்டு ஊசி போட வுட்டா, முனி இல்லன்னு ஊரு கண்டுபுடிச்சிடாது? முத்தம்மா மாரி இவளும் கடல உரிக்கப் போறதா?" பிறகு, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஊசியக் கேட்டு வாங்கலாம்னு எனக்குத் தோணல. அது அவளுக்குத்தான் தோணுச்சு."

பாஞ்சாலையின் அந்தக் கண்டுபிடிப்பு மலையில் பரவியது. அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் ஒருத்திக்குப் பிடித்த பேய் சேவல் வேண்டாம், ஊசி வேண்டும் என்றது. பிறகு இன்னொன்று. எல்லாமே கீழ்நாட்டுப் பேய்கள் அல்ல. சில பேய்கள் சொந்த ஊர்க்காரர்களின் பெயரைச் சொல்லின, ஒன்று சொந்தக் கொழுந்தன் பெயரைச் சொன்னது. தீர்த்தகிரி தொழில் தெரிந்தவர். இது ஒரு தனி வகைப் பேய் என்று தீர்மானித்து, இந்த வகைக்கு மேல்சாமக்கொல்லை பாஞ்சாலைதான் என்று அனுப்பிவைத்தார். அவள் மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. வந்தவளிடம் ஒரு அரிவாளைக் கொடுப்பாள், தட்டியை நகர்த்தி வைப்பாள், எதையும் கேட்காமல் பலாமரத்துச் சண்டையைச் சொல்வாள். மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு ஜெபகுமாரியிடம் இறங்குவாள். அமாவாசை வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அவள் கொண்டுவந்த ஒரே சீர்திருத்தம்.

எண்பத்து நாலில் கீழேயிருந்து ஒரு வேன் பஸ் நிற்கும் இடம் வரை வந்தது. அதிகாரிகள் நடந்து ஏறி வந்தார்கள். மலைமக்களின் மூடநம்பிக்கையைப் போக்கும் கூட்டம் அது. படங்களை மாட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் நன்றாகவே பேசினார். பேய் என்பது கிடையாது, எல்லாம் மனப்பிரமை, பேயோட்டுகிறவர்களை நம்பாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் எனக்கும் முழுச் சம்மதம். கடைசியில், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலை எழுந்தாள். அவள் பக்கத்தில் வேறு ஊர்ப் பெண் ஒருத்தி, முட்டியைக் கட்டிக்கொண்டு, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் வந்திருந்தாள்.

"பேய் இல்லன்னு சொல்றீங்களேங்க, சரி. அப்ப அதெல்லாம் செய்யறது ஆளுங்கதான்னு ஆவுது."

"ஆமாம்மா! அதைத்தான் சொல்றேன்" என்றார் அவர் மகிழ்ச்சியோடு.

"ஆளுன்னு சொன்னா, பொம்பளய ஊரு தள்ளி வெக்காம பாத்துக்குவீங்களா? யாரு செஞ்சான்னு அந்த ஆளப் போயிக் கேப்பீங்களா?"

இளைஞர் பக்கத்திலிருந்த மூத்த அதிகாரியைப் பார்த்தார். அவர் படங்களைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா."

"அப்ப அந்த டிபார்ட்மென்ட் வர்ற வரைக்கும் பேய் இருந்துட்டுப் போவட்டுங்க" என்றாள் பாஞ்சாலை. பிறகு குனிந்து அந்தப் பெண்ணிடம், "எழுந்துக்கோ, வெயில் ஏறிடப் போவுது. கீழ நர்சம்மா காத்திருக்கும்" என்று கையை நீட்டினாள். அவளாகப் பிடித்துக்கொள்ளும்வரை நீட்டியபடியே நின்றாள்.